அறுபது வினாடிச் சுடர்

ஊரிலிருந்து வந்திருந்த எங்களுள் ஒருவரின் தாயார், மகன் பார்க்கும் வேலை இன்னதென்று ஒருநாள் சாவகாசமாக விசாரித்தார். விமானத்துக்குள் பொருத்தப்படும் சுவர்த்தகடு, இருக்கைத் துணி, தரைவிரிப்பு, திரைச்சீலை ஆகியவற்றைத் துண்டுகளாக நறுக்கித் தீ வைப்பதும், எவ்வளவு நேரம் எரிந்தன, எவ்வளவு தூரம் கருகின என்று அளந்து எழுதுவதுமே வேலை என்று அவரிடம் சொன்னோம். அம்மையார் சற்று நேரம் யோசித்துவிட்டு, "துணியக் கொளுத்திப் பாக்குறதுக்காடா இவ்ளோ தூரம் வந்தே?" என்று கேட்டார். அன்று சிரித்துச் சமாளித்தோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறோம்.

நாங்கள் இருவர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு வடக்கே, விமான உட்புறப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்து வருகிறோம். ஒருவர் தீ வைப்பவர். மற்றவர் அறிக்கை எழுதுபவர். இலக்கியப் பித்து இருவருக்கும் பொது. தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொற்கள் இருப்பது இக்கட்டுரைக்குப் பெரும் வசதி. சோதனைக் கூடத்துக்குள் இருக்கும்வரை நாங்கள். விமானத்தில் ஏறி இடைவாரைப் பூட்டிக்கொண்ட பின் நாம்.

எங்கள் சோதனைகளுள் பழையதும் எளியதும் செங்குத்துச் சோதனை. காற்றோட்டம் புகாத ஓர் உலோகப் பெட்டி. அதனுள், பள்ளி வேதியியல் கூடத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அதே பன்சன் விளக்கு. விளக்கின் வாய்க்கு முக்கால் அங்குலம் மேலே கீழ்விளிம்பு அமையுமாறு தொங்கவிடப்பட்ட மாதிரித் துண்டு. சுடரின் உயரம் ஒன்றரை அங்குலம். அதன் வெப்பநிலை 843 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. சுவர்த்தகடு, கூரைத்தகடு, தடுப்புகள் போன்றவற்றுக்கு அச்சுடரை 60 வினாடி பிடிக்க வேண்டும்; துணி, தரைவிரிப்பு, மெத்தை போன்றவற்றுக்கு 12 வினாடி. சுடரை விலக்கிய பின் பதினைந்து வினாடிக்குள் துண்டு தானாக அணைந்துவிட வேண்டும். கருகிய நீளம் முதல் வகைக்கு 6 அங்குலத்தையும் இரண்டாம் வகைக்கு 8 அங்குலத்தையும் தாண்டலாகாது. உருகிச் சொட்டும் துளி கீழே விழுந்த பிறகும் எரியுமானால் அதற்கும் கணக்கு உண்டு: முன்னதற்கு 3 வினாடி, பின்னதற்கு 5. குறைந்தது மூன்று துண்டுகளை எரித்துச் சராசரி காண வேண்டும். அத்துண்டுகளையும் 21 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பேழையில் ஒருநாள் முழுதும் வைத்திருந்து, எடுத்த கையோடு எரிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பள்ளி மாணவன் செய்துவிடலாம் என்று தோன்றும். நாங்களும் முதல் மாதத்தில் அப்படித்தான் எண்ணினோம். கருகிய நீளத்தை அளக்க உட்கார்ந்தபோதுதான் தலை சுற்றியது. பொருள் எரிந்து போயிருந்தால் அது கருகல், கரியாகியிருந்தால் கருகல், தொட்டால் நொறுங்குமளவு முறுகியிருந்தாலும் கருகல். ஆனால் புகைக்கரி படிந்த இடம் கருகல் ஆகாது. நிறம் மாறிய இடமும், நெளிந்த இடமும், வெப்பத்துக்கு அஞ்சிச் சுருங்கி விலகிய இடமும் ஆகா. விதியில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கையில் இருக்கும் துண்டோ முழுவதும் கறுப்பு. கரி எங்கே முடிகிறது, புகைக்கரி எங்கே தொடங்குகிறது?

எங்கள் இருவருக்குமே சிறுவயதில் மாலைதோறும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கும் பொறுப்பு இருந்தது. சாம்பலைத் தொட்டுப் பழந்துணியால் துடைத்தால் கண்ணாடியில் படிந்த கறுப்பு போய்விடும். திரியின் கறுப்பு போகாது. அதைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். போகும் கறுப்பு, போகாத கறுப்பு என்ற அந்தப் பாடத்தை ஏழு வயதில் கற்றுக்கொண்டோம். சம்பளத்துக்காக முப்பது வயதில் மறுபடி கற்றோம். ஈரத்துணியால் துண்டைத் துடைக்கிறோம். எஞ்சிய கறுப்பை ஒரு மழுங்கிய முனையால் மெல்லக் கீறி, உதிர்கிறதா என்று பார்க்கிறோம். அழுத்திக் கீறினால் நல்ல பொருளும் தோற்கும். தடவிக் கொடுத்தால் கெட்ட பொருளும் வெல்லும். ஒரே துண்டை நாங்கள் இருவரும் தனித்தனியே அளந்தபோது ஒருமுறை முக்கால் அங்குல வேறுபாடு வந்தது. எல்லையோ 6 அங்குலம்! அன்று இருவரும் மதிய உணவுக்குத் தனித்தனியாகப் போனோம்.

சோதனை முறையைச் செம்மைப்படுத்துதல் என்று சொன்னால் புதிய எந்திரம், புதிய விதி என்றே பலரும் எண்ணுகிறார்கள். நடைமுறையில் அதிற் பெரும்பகுதி இந்த முக்கால் அங்குலத்தைக் கால் அங்குலமாக்கும் பாடுதான். எந்தக் கோணத்தில் விளக்கை நகர்த்துவது, எந்த நொடியில் கடிகாரத்தை அழுத்துவது, அணைந்து மறுபடி பற்றிய சுடரை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கெல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு கையேடே வெளியிட்டிருக்கிறது. வாசிக்கச் சுவையற்ற நூல். ஆனால் அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஆய்வகத்தில் இருவர் சண்டையிட்டிருக்கிறார்கள் என்பதை எங்களால் உணர முடிகிறது.

சில வாக்கியங்களுக்குப் பின்னால் சண்டையை விடப் பெரியவையும் உண்டு. 1973 ஜூலை 11 அன்று பாரிசின் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பிரேசில் நாட்டு வாரிக் நிறுவனத்தின் போயிங் 707, பின்பக்கக் கழிவறையில் தோன்றிய தீயின் புகையால், ஓடுபாதைக்குச் சற்று முன்னரே வயலில் இறங்க நேர்ந்தது. இருந்த 134 பேரில் 123 பேர் மாண்டனர். தரை மோதியதால் இறந்தவர்களை விடப் புகையால் இறந்தவர்களே மிகுதி. 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடாவின் டி.சி-9 விமானம் பறக்கும்போதே தீப்பிடித்து, அமெரிக்காவின் சின்சினாட்டி விமான நிலையத்தில் பத்திரமாகவே தரையிறங்கியது. கதவுகள் திறந்தன, பயணிகள் வெளியேறத் தொடங்கினர். ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் உட்புறம் முழுவதும் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. 46 பேரில் சரிபாதி, 23 பேர், உள்ளேயே இறந்தனர். கனடாவின் நாட்டுப்புறப் பாடகர் ஸ்டான் ரோஜர்ஸ் அவர்களுள் ஒருவர். அவருக்கு வயது 33.

ஒரே வீச்சில் பற்றுதல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மூடிய இடத்தில் ஒரு மூலை எரியும்போது வெப்பவாயு கூரையின் அடியில் திரளுகிறது. அதன் வெப்பத்தில் மற்ற மூலைகளில் உள்ள பொருள்கள் தீயைத் தொடாமலேயே வாயுவைக் கக்கத் தொடங்குகின்றன. ஒரு கணத்தில் எல்லாம் சேர்ந்து பற்றுகின்றன. அதற்குப் பின் அங்கே யாரும் பிழைப்பதில்லை. எனவே ஒரு பொருள் எரிகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது; எரியும்போது எவ்வளவு வெப்பத்தை, எவ்வளவு விரைவாக வெளிவிடுகிறது என்றும் கேட்க வேண்டும். பன்சன் விளக்கிடம் இக்கேள்விக்குப் பதில் கிடையாது. நியூ ஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டிக்கு அருகிலுள்ள அரசு ஆய்வு மையத்தில், ஓய்வுபெற்ற சி-133 என்னும் ராணுவச் சரக்கு விமானத்தின் உடலை நிறுத்தி, அதற்குள் இருக்கைகளையும் தகடுகளையும் பொருத்தி, வெளியே எரிபொருளைக் கொளுத்தி, மெய்யான தீ எப்படி நுழைகிறது என்று பலமுறை பார்த்தார்கள். அதிலிருந்தே பின்னைய விதிகள் பல பிறந்தன.

முதலில் இருக்கைகள். 1984-ஆம் ஆண்டின் விதிப்படி மெத்தைக்கும் மேலுறைக்கும் நடுவே தீத்தடுப்புத் துணி வேண்டியதாயிற்று. பறந்துகொண்டிருந்த பழைய விமானங்களிலும் 1987 நவம்பருக்குள் மாற்ற வேண்டும் என்றார்கள். இதைச் சோதிக்கும் முறை மிகக் கடுமையானது. மண்ணெண்ணெய்ச் சுடரை இரண்டு நிமிடம் முழு அளவு மெத்தையின் மீது பாய்ச்சி, பின்னர் நிறுத்துப் பார்ப்போம். எடையில் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கலாகாது. இத்துணியால் கிடைக்கும் கூடுதல் அவகாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவே. ஆனால் விமானத்திலிருந்து எல்லோரும் பாதி வாயில்கள் வழியாக வெளியேறக் கொடுக்கப்பட்டுள்ள காலமே 90 வினாடி என்பதை நினைத்தால் அதன் மதிப்பு விளங்கும். மேற்சொன்ன தாயார் ஊர் திரும்பிய பின் தொலைபேசியில் அழைத்து, "சீட்டத் தடவிப் பாத்தேன்டா, உள்ள இன்னொரு துணி இருக்குற மாதிரிதான் இருக்கு" என்றார். மேலுறைக்கு மேலிருந்து தடவினால் தெரியாது என்பதை நாங்கள் சொல்லவில்லை.

சோதனையில் வென்ற பொருளே ஆளைக் கொன்ற கதையும் உண்டு. எங்கள் தொழிலில் எவரும் மறக்கக் கூடாதது அது. 1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா நோக்கிப் புறப்பட்ட சுவிஸ் ஏர் 111-இன் விமானியறையில் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ கருகும் வாடை வந்தது. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அந்த எம்.டி-11 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் வீழ்ந்தது. 229 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்து ஆராய்ந்தது; 2003-இல் அறிக்கை தந்தது. விமானியறைக் கூரைக்கு மேலே மின்கம்பியில் தோன்றிய பொறி, அருகிலிருந்த வெப்பக்காப்புப் போர்வையின் மேலுறையைப் பற்றவைத்திருக்கிறது. அம்மேலுறை உலோகப்பூச்சுக் கொண்ட மெல்லிய பாலியஸ்டர் தாள். அது தீயை வழிநெடுகக் கொண்டுபோயிருக்கிறது.

அத்தாள் செங்குத்துச் சோதனையில் முறைப்படி தேறிய பொருள். யாரும் ஏமாற்றவில்லை. பன்சன் சுடரை அருகே கொண்டுபோனால், தொட்டாற்சிணுங்கி இலை போல, அது சுருங்கி விலகிக்கொள்ளும். சுடர் வெற்றிடத்தில் எரியும், 12 வினாடி முடியும், கருகிய நீளம் குறைவு, தேர்ச்சி. சுருங்கி விலகிய இடம் கருகல் ஆகாது என்று முன்னே சொன்ன விதியை வாசகர் நினைவுகூரலாம். சுருங்குவதற்கு இடமில்லாதபடி, மடிப்புகளோடும் கம்பிகளோடும் நெருக்குண்டு, சுற்றிலும் வெப்பம் சூழ்ந்த கூரைப்பொந்தில் அத்தாள் என்ன செய்யும் என்பதை அப்போதைய சோதனை கேட்கவே இல்லை. கேளாத கேள்விக்கு அது பொய் சொன்னதாகக் குற்றஞ்சாட்டவும் முடியாது. இத்தனைக்கும் அதற்கு முன்னரே சில விமானங்களில் இத்தகைய தாள்கள் தீயைப் பரப்பிய நிகழ்வுகள் நடந்திருந்தன. பஞ்சைச் சாராயத்தில் நனைத்து, கொளுத்தி, போர்வையின் மேல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையில் அதன் குணம் வெளிப்பட்டுமிருந்தது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நிர்வாகம் எழுநூறு விமானங்கள் அளவில் அத்தாளை அகற்ற ஆணையிட்டது. 2003-இல் வெப்பக்காப்புப் போர்வைகளுக்குப் புதிய சோதனை வந்தது. இதில் மாதிரியைத் தொங்கவிடுவதில்லை, கிடத்துகிறோம். மேலிருந்து கதிர்வீச்சுத் தகடு ஒன்று அதனைச் சூடேற்றுகிறது. அந்தச் சூட்டில் 15 வினாடி ஒரு சிறுசுடர் தொடுகிறது. தீ அவ்விடத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் பரவக் கூடாது. சுடரை எடுத்தபின் மூன்று வினாடிக்கு மேல் எரியக் கூடாது. பழைய உலோகப்பூச்சுத் தாளின் துண்டு ஒன்றை எங்கள் மூத்த தொழில்நுட்பர் புதிதாய்ச் சேருபவர்களுக்குக் காட்டவென்று வைத்திருந்தார். முதலில் பன்சன் பெட்டியில் அது பணிவாக ஒதுங்குவதைக் காட்டுவார். பின்னர் கதிர்வீச்சுப் பெட்டியில் காட்டுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் தாளின் மறுமுனை வரை தீ ஓடிவிடும். அவர் ஒன்றும் பேசமாட்டார். எங்கள் இருவருக்கும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சோதனை சரியான கேள்வியைக் கேட்டாலும், அதை எல்லா ஊரிலும் ஒரே குரலில் கேட்க வேண்டும் என்பது அடுத்த துன்பம். இருக்கை மெத்தைகளைச் சோதிக்கும் எண்ணெய்ச் சுடருக்குத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது, குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் அடுப்புகளில் பொருத்தும் கடைச்சரக்கான எரிகருவி. மின்மோட்டார் காற்றை ஊதும். முனை எண்ணெயைத் தெளிக்கும். வீட்டுக்கு அது போதும். ஆனால் ஒரு மோட்டாரைப் போல் இன்னொரு மோட்டார் ஊதுவதில்லை. கோடையின் காற்றும் குளிர்காலத்தின் காற்றும் ஒன்றல்ல. ஒரே மெத்தை ஓர் ஆய்வகத்தில் வென்று இன்னோர் ஆய்வகத்தில் தோற்றது. போதாக்குறைக்கு அக்கருவியின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. அட்லாண்டிக் சிட்டியார் அதன்பின் உருவாக்கிய கருவியில் மோட்டாரே இல்லை. அழுத்தப்பட்ட காற்றை ஒரு குறுகிய கழுத்தின் வழியே செலுத்துகிறார்கள். கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதற்கு அப்பால் என்ன நடந்தாலும் செல்லும் காற்றின் அளவு மாறாது; இப்பால் உள்ள அழுத்தமும் வெப்பமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கும். அவை இரண்டையும் நாம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இயற்பியல் பாடநூலில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் செய்தி. அதை ஓர் எரிகருவிக்குள் கொண்டுவந்து, ஊர் ஊராகச் சுடரை ஒன்றாக்கப் பல ஆண்டுகள் ஆயின. இதற்கென்றே பன்னாட்டு ஆய்வகத்தார் ஒரு குழுவாக அவ்வப்போது கூடுகிறார்கள். ஒரே தகட்டை நறுக்கி எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பி, வரும் எண்களை ஒரே தாளில் புள்ளிகளாகக் குறிப்பார்கள். நம் ஆய்வகத்தின் புள்ளி கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நின்றால், எந்தப் பெயரும் எழுதியிராவிட்டாலும், கன்னம் சூடாகும்.

எங்கள் புள்ளி ஒதுங்கிய கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

வெப்ப வெளியீட்டுச் சோதனை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கருவியில் நடப்பது. ஆறு அங்குலச் சதுரத் துண்டைக் கூண்டுக்குள் செருகினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 வாட் என்ற கணக்கில் வெப்பம் அதன்மேல் பாயும். ஐந்து நிமிடம் பார்ப்போம். எரியும் துண்டு வெளிவிடும் வெப்பத்தின் உச்சம் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு நிமிடத்தின் மொத்தத்துக்கும் 65 என்றே ஓர் எல்லை. 1986-இல் விதி வந்தபோது தயாரிப்பாளர்களுக்கு மூச்சுவிட இடம்தந்து 1988 முதல் 100 என்று தொடங்கி, 1990-இல் 65-க்கு இறக்கினார்கள். இன்றும் எங்களிடம் வரும் தகடுகளுள் பல 55-க்கும் 65-க்கும் இடையில்தான் உயிர்வாழ்கின்றன. எடையும் விலையும் அழகும் அந்தப் பத்து எண்களுக்குள் பேரம் பேசுகின்றன.

2014-ஆம் ஆண்டின் கடைசியில், நாங்கள் 61 என்று அறிக்கை தந்த ஒரு தடுப்புத்தகடு வேறோர் ஆய்வகத்தில் 67 பெற்றது என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் சினந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் அல்லவா? நாங்கள் முதலில் செய்த காரியம், அந்த வேற்று ஆய்வகத்தின் குறைகளை நான்கு பத்தியில் எழுதியதுதான். நல்லவேளையாக அம்மடல் அனுப்பப்படவில்லை. அனுப்புமுன் நம் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று, பாயும் வெப்பத்தை அளக்கும் மானியின் சான்றிதழைத் தேடினோம். அது மானி திரும்பி வந்த உறைக்குள்ளேயே இருந்தது. ஆண்டுதோறும் அம்மானியை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புவோம். திரும்பும்போது அதன் மின்னழுத்தத்தை வெப்பமாக மாற்றும் பெருக்கெண் சற்று மாறி வரும். அந்த இலையுதிர்காலத்தில் வந்த புதிய எண்ணை எங்களில் எவரும் கணினியில் ஏற்றவில்லை. பழைய எண்ணே இருந்தது. திரை 3.5 என்று காட்டியபோது துண்டின் மீது விழுந்தது 3.3 மட்டுமே. மீத்தேனை எரித்துச் செய்யும் வழக்கமான திருத்தமும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது வெளியேறும் வெப்பத்துக்கானது, பாயும் வெப்பத்துக்கானது அன்று. பதினொரு வாரம். முப்பத்தொரு அறிக்கை.

இளஞ்சூட்டில் வாட்டிவிட்டு எல்லாம் நன்றாக வெந்தது என்று சொல்லியிருக்கிறோம். நினைக்கும்தோறும் வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் மேலாளர் கெட்ட மனிதர் அல்லர். எல்லைக்கு அருகே உள்ள ஒன்பது அறிக்கைகளை மட்டும் திரும்பச் சோதிப்போம், அந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எழுதுவோம் என்றார். 40, 45 வாங்கிய தகடுகள் எப்படிப் பார்த்தாலும் தேறத்தான் போகின்றன. அவர்களையும் கலங்கவைத்து ஆய்வகத்தின் பெயரைக் கெடுத்துக்கொள்வானேன்? இதில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. நாங்கள் இருவரும் ஒன்றுபட்டு இதை எதிர்த்தோம் என்று எழுத ஆசைதான். ஆனால் எங்களுள் ஒருவர் மேலாளரின் பக்கமே இருந்தார். இரண்டு மாலை, வாகன நிறுத்துமிடத்தில், மழைத் தூறலில் நின்றபடி வாதிட்டோம். மற்றவர் சொன்னது இது: வாடிக்கையாளர் நம்மிடம் வாங்குவது தேர்ச்சி என்ற சொல்லை மட்டுமன்று, எண்ணையும் வாங்குகிறார். நாம் கொடுத்த 45-ஐ நம்பி, இன்னும் இருபது எண் இடமிருக்கிறது என்று கணக்கிட்டு, அதன்மேல் தடித்த அலங்காரத்தாளை ஒட்ட அவர் இப்போது முடிவெடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த முடிவில் நமக்கும் பங்குண்டு. முதலாமவருக்கு மறுமொழி தோன்றவில்லை. மறுநாள் இருவருமாக மேலாளரின் அறைக்குப் போனோம். அவர் நீண்டநேரம் சாளரத்தைப் பார்த்திருந்துவிட்டு, "எழுதுங்கள், எல்லோருக்கும் எழுதுங்கள்" என்றார்.

முப்பத்தொரு மடல்கள். மிச்சத் துண்டுகள் கையில் இருந்தவற்றை எங்கள் செலவிலேயே மறுபடி எரித்தோம். நான்கு பேர் புதிய துண்டுகள் அனுப்பினார்கள். இருபத்தொன்பது தேறின. இரண்டு தோற்றன. ஒன்று, அத்தனைக்கும் காரணமான அதே தடுப்புத்தகடு. எங்களிடமும் 67 காட்டியது. நாங்கள் குறைசொல்ல முனைந்த ஆய்வகத்தின் எண்ணோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயிற்று. மற்றது மேலாளரின் பட்டியலில் இல்லாத ஒன்று. முதல் சுற்றில் 54 வாங்கியது. இரண்டாம் சுற்றில் 66. வெப்பம் சற்றுக் கூடியதும் அதன் ஒட்டுப்பசை நேரத்தோடு விட்டுக்கொடுத்து, மேல்தாள் உரிந்து, உள்ளடுக்கும் தீக்கு ஆளானது. ஆறு விழுக்காடு வெப்பக் குறைவுக்கு ஆறு விழுக்காடு பிழைதான் வரும் என்று நாங்கள் எல்லோரும், வாதிட்ட இருவர் உட்பட, நினைத்திருந்தோம். பொருள்கள் அப்படிக் கணக்குப் பார்த்து எரிவதில்லை. அத்தகடுகள் ஏற்கெனவே ஒரு விமானத்தில் ஏறியிருந்தன. வாடிக்கையாளர் அவற்றைக் கழற்றிப் பசையை மாற்றினார். அதன்பிறகு அவர் எங்களிடம் வரவில்லை.

2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம் கடலோரக் காவல்படை விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறினர். தரையிறங்கியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை ஏறத்தாழ பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அதன்பின் விமானம் எரிந்து எலும்புக்கூடாயிற்று. உயிர்கள் தப்பியதற்கு முதற்காரணம் பணிப்பெண்களும் விமானிகளும். பயணிகள் பெட்டிகளை எடுக்காமல் வந்தது மற்றொன்று. உள்ளேயிருந்து ஒரு பயணி எடுத்த காணொளியை ஆய்வகத்தில் கூடிநின்று பார்த்தோம். சாளரத்துக்கு வெளியே செந்நிறம். உள்ளே புகை கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் மனிதர்களைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் சுவர்த்தகட்டைப் பார்த்தோம். அது நின்றிருந்தது.

வெப்ப வெளியீட்டுக் கருவிக்கு இப்போது செம்மைப்படுத்திய புதிய வடிவம் வந்துகொண்டிருக்கிறது. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் முறையையும் அளவுத்திருத்த முறையையும் மாற்றி, ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரும் வேறுபாட்டைக் குறைப்பதே நோக்கம். எங்கள் கூடத்தில் அதற்கு முன்னரே வந்துவிட்ட மாற்றங்கள் இரண்டு. இரண்டாவது மானி ஒன்று வாங்கப்பட்டது. திங்கட்கிழமைதோறும் இரண்டையும் ஒரே இடத்தில் செருகி ஒப்பிடுகிறோம். மானி திரும்பி வரும் உறையைத் தனியாக யாரும் பிரிப்பதில்லை. ஒருவர் சான்றிதழைப் பிரித்து எண்ணை உரக்க வாசிப்பார். மற்றவர் அதைக் கணினியில் ஏற்றித் திருப்பி வாசிப்பார். வாசிப்பது தமிழில்தான். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் இப்போது ஒன்று முதல் பத்துவரை தெரியும்.